தான் ஆண்ட்ராய்டு என்று அறியாத நாயகி: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: என் நாவலின் நாயகி மருத்துவமனையில் நர்ஸ். தான் மனுஷி இல்லை, ஆண்ட்ராய்டு (மனித உருவில் செய்த ரோபோ) என்பது அவளுக்கே தெரியாது. பாதிக் கதைக்கு மேல்தான் தெரியவருகிறது. எழுதி முடித்த பிறகு நண்பர் ஒருவர், "இது 'பிளேடு ரன்னர்' காப்பி, கேஸ் போட்டுவிடுவார்கள்" என்கிறார். கதை ஆலோசகர் ஒருவர், மூலக் கருவுக்கு உரிமம் வாங்கித் தருவதாகவும், என் ஐடியாவைப் பதிவு செய்து சான்றிதழ் தருவதாகவும் சொல்லிப் பணம் கேட்கிறார். பணம் கட்டுவதா, நாவலைக் கைவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். கருவுக்கு உரிமம் என்று ஒன்று கிடையாது. அதை விற்கிறேன் என்பவர் தன்னிடம் இல்லாத பொருளை விற்கிறார். பதிப்புரிமை காப்பது எழுதப்பட்ட விதத்தை, எண்ணத்தை அல்ல. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வாக்கியம் எழுதுகிறவர்கள் கைக்கு எளிய மொழியில் போய்ச் சேராததால்தான் இந்த ஆலோசகர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

நண்பர் சொல்லும் படம் 1982இல் வந்தது. அதில் ரேச்சல் தன்னை மனுஷி என்றே நம்புகிறாள். அவளுடைய பால்ய நினைவுகள் வேறொருத்தியுடையவை. ஆனால் 1953இலேயே பிலிப் கே. டிக் 'இம்போஸ்டர்' என்ற சிறுகதையில், எதிரி அனுப்பிய ரோபோ என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தப்பி ஓடுகிற ஒருவனை எழுதிவிட்டார்; குற்றச்சாட்டு உண்மை என்பது அவனுக்கே கடைசியில்தான் தெரிகிறது. 1960இல் 'ட்வைலைட் ஸோன்' தொடரில் ஒரு மகள், வீட்டு ஆல்பத்தில் தன் சிறுவயதுப் படமே இல்லை என்பதைக் கவனித்துத் திடுக்கிடுகிறாள். 1993இல் 'ஸ்டார் ட்ரெக்' அத்தியாயம் ஒன்றில் ஜூலியானா என்ற பெண் ஆண்ட்ராய்டு என்று தெரிந்தும், அவளிடம் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். 2003இல் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா', 2016இல் 'வெஸ்ட்வேர்ல்ட்' என்று வரிசை நீள்கிறது. இந்தக் கரு ஒருவருடைய சொத்தாக இருந்திருந்தால் அடுத்தவர் எழுதியிருக்கவே முடியாது.

சரி, எதைத் தொடக்கூடாது? பெயர்கள், வசனங்கள், அந்தப் படைப்புக்கே உரிய கருவிகள், காட்சியின் கட்டுமானம். 'ரெப்ளிகன்ட்' ('பிளேடு ரன்னர்' தன் செயற்கை மனிதர்களுக்கு வைத்த பெயர்), அவர்களைக் கண்டுபிடிக்கும் 'வாய்ட்-காம்ப்' சோதனை இவற்றை உங்கள் நாவலில் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'டிராய்டு' என்ற சொல் 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமின் டிரேட்மார்க், அதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு, ரோபோ ஆகிய சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கட்டுமானம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'பிளேடு ரன்னர்' காட்சி ஒன்றைப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு உடலும் பச்சைக் கால்களுமாக ஒரு சிலந்தி வலை பின்னியதைச் சிறுமியாகப் பார்த்த நினைவு. ரேச்சல் யாரிடமும் சொல்லாததை நாயகன் டெக்கார்ட் எடுத்துச் சொல்கிறான். குஞ்சுகள் பொரித்து வந்து தாயைத் தின்ற முடிவை அவளே சொல்லி முடிக்கிறாள். சிலந்தியைப் பல்லியாக்கி, நிறத்தையும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. சொல்லாத ரகசியம், அதை இன்னொருவன் வரிவரியாகச் சொல்வது, மிச்சத்தை அவள் முடிப்பது, தாயைக் குஞ்சுகள் தின்பது எல்லாம் அதே வரிசையில் வந்தால், பல்லி போட்டாலும் அது எடுத்தாண்டதுதான்.

ஆகவே ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் உங்கள் காட்சி. இரண்டாவதில் அதை ஒத்த பழைய காட்சி. மூன்றாவதில், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சந்தேகம் வந்து தன் கையைக் கீறிப் பார்க்கிறாள்" என்கிற அளவில் அது நின்றால் பயமில்லை, யாரும் எழுதலாம். பொருள், வசனம், நிகழ்ச்சி வரிசை என்று வாக்கியம் நீண்டுகொண்டே போனால் அந்தக் காட்சியை மாற்றுங்கள். நாவல் முழுதையும் அலச வேண்டாம். அவளுக்கு முதல் சந்தேகம் வரும் இடம், அவள் தன்னைச் சோதித்துப் பார்க்கும் இடம், உண்மை வெளிப்படும் இடம் ஆகிய மூன்றிலும்தான் மோதல் வரும்.

மாற்றுவதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. நாயகி நர்ஸ். ஆல்பத்தையும் கை கீறலையும் விட்டுவிட்டு வார்டுக்குள் போங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் அவை உறிஞ்சப்படும் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறது. உடம்பில் சிவப்புத் திரவம் ஓடினால் மட்டும் போதாது; அது துடிக்கவும் வேண்டும், இரண்டு ஒளியையும் சரியான விகிதத்தில் உறிஞ்சவும் வேண்டும். அவளைச் செய்தவர்கள் இதை யோசிக்கவில்லை என்று வைத்தால், அவள் விரலில் ரீடிங் வராது. சில்லிட்ட விரலில் ரீடிங் தடுமாறும் என்பது எந்த நர்ஸுக்கும் தெரியும். "என் கை எப்பவுமே சில்லுன்னுதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் பல வருடம் ஓட்டிவிடலாம்.

இதைவிட நல்லது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மருத்துவமனை ஊழியர்களுக்கு ஊசி போட்ட பிறகு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் கீழே இருந்தால் உடம்பு ஏற்கவில்லை என்று அர்த்தம். மறுபடி முழுச் சுற்று ஊசி போட்டும் ஏறாத ஆரோக்கியமான மனிதர்கள் நிஜமாகவே உண்டு. அதனால் உங்கள் நாயகியின் கோப்பில் அந்த வரி இருந்தாலும் அவளுக்கோ டாக்டருக்கோ துளி சந்தேகம் வராது. எம்ஆர்ஐ அறையை மட்டும் மறந்துவிடாதீர்கள். எலும்பில் இரும்பு என்றால் 1.5 டெஸ்லா காந்தம் வாசலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். டைட்டானியம் என்றால் இழுக்காது. இப்படி எழுதிய காட்சியை யாருடைய படத்தோடும் ஒப்பிட முடியாது.

இனி பதிவு. பதிப்புரிமைக்கான 1886ஆம் வருட பெர்ன் சர்வதேச உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன் 5ஆம் பிரிவின்படி, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. சான்றிதழ், முத்திரை எதுவும் தேவையில்லை. சில நாடுகளில் அரசுப் பதிவு அலுவலகம் உண்டு. வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு ஆதாரமாக உதவும். ஆனால் அங்கே பதிவாவது முடிந்த கைப்பிரதி, ஐடியா அல்ல. படிவத்தை நீங்களே நிரப்பலாம், இடைத்தரகர் தேவையே இல்லை. எளிய ஒரு வேலைக்கு வக்கீல் மொழியில் படிவம் அச்சிட்டு, தரகர்களுக்கு வழி திறந்துவிட்ட அலுவலகங்கள்மேல் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு.

கைப்பிரதியை உறையில் போட்டு ஒட்டித் தனக்குத்தானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொள்ளச் சொல்வார்கள். அதில் பெரிய பலன் இல்லை. ஒட்டாத உறையையும் அனுப்பலாம், பிறகு உள்ளே எதையும் வைக்கலாம். அதைவிடத் தேதி விழுந்த வரைவுக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருப்பது மேல். ஒவ்வொரு திருத்தத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பழைய கோப்பின்மேல் எழுதாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை, ஆனால் ஒப்பந்தமும் நம்பிக்கையும் எண்ணத்தையும் கட்டும். இந்தக் கரு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? வெளிவந்த படமோ புத்தகமோ என்றால் கவலையில்லை. வெளிவராத ஒருவருடைய ஸ்கிரிப்டை, "யாருக்கும் சொல்லாதே" என்று அவர் கொடுத்துப் படித்தீர்களா? இருவராகச் சேர்ந்து பேசி உருவாக்கி, இப்போது தனியாக எழுதுகிறீர்களா? ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் எப்போதாவது கையெழுத்துப் போட்டீர்களா? ஒன்றுக்காவது ஆம் என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. அந்த நபரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் வெளியிடாதீர்கள். இதே விலக்கு உங்களுக்கு எதிராகவும் திரும்பும். ஆலோசகர் நீட்டும் படிவத்தில், "சமர்ப்பிக்கும் கருத்தின் மேம்பாட்டில் பங்கு" என்ற மாதிரி ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கலாம். கையெழுத்துப் போட்டால் சட்டத்தில் அவருக்கு இல்லாத உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதை வக்கீலிடம் காட்டுங்கள்.

பதிப்பக ஒப்பந்தத்திலும் ஒரு இடத்தில் நின்று படியுங்கள். 'படைப்பு எவருடைய உரிமையையும் மீறவில்லை, மீறினால் எல்லாச் செலவும் ஆசிரியருடையது' என்று இருக்கும். அதில் 'ஆசிரியருக்குத் தெரிந்தவரை' என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். செலவுக்கு, உங்களுக்குக் கிடைக்கும் ராயல்டிக்கு மேல் போகாத உச்சவரம்பு கேளுங்கள். மறுத்தால், நீங்கள் தயாரித்த அந்த மூன்று பத்தித் தாளை அவர்களிடம் கொடுத்து, படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.