ஆபரேஷன் பண்ணியும் பூனை கதவுல பீச்சி அடிக்குதே, ஏன்?

கேள்வி: எங்க கடுவன் பூனைக்கு நாலு வயசு. சின்னதுலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, வீட்டை விட்டு வெளிய போறதே இல்ல. ரெண்டு மாசமா பால்கனி கதவு, அங்க தொங்குற கர்ட்டன், சோபா ஓரம்னு மூத்திரம் அடிச்சு வைக்குது. லிட்டர் பாக்ஸையும் (பூனை ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போக மண் போட்டு வைக்கிற பெட்டி) ஒழுங்கா யூஸ் பண்ணுது. திட்டினா ஓடி ஒளிஞ்சுக்குது, மறுநாள் அதே இடம். ஆபரேஷன் சரியா பண்ணலையோ?

டாக்டர் பதில்: ஆபரேஷன் மேல பழி போடாதீங்க. கருத்தடை பண்ணின ஆண் பூனைகள்லயே பத்துல ஒண்ணு இப்படி அடிக்கும், பெண் பூனையும் அடிக்கும், அதுல கொஞ்சம் கம்மி. எப்பவாவது ஒரு விதை வயித்துக்குள்ளயே தங்கிப்போன கேஸ் வரும், அப்போ மூத்திர வாடையே முழு கடுவன் மாதிரி காரமா குப்புனு அடிக்கும், சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட சொன்னா பாத்துருவாங்க.

முதல்ல அது எப்படி போகுதுனு ஒரு தடவை நின்னு பாருங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுங்க. பின்பக்கத்தை கதவுக்கு காட்டி, வாலை நட்டமா தூக்கி, வால் நுனி வெடவெடனு ஆட, பின்னங்காலை மாத்தி மாத்தி மிதிச்சுக்கிட்டு நின்ன வாக்குலயே கொஞ்சூண்டு பீச்சுதுன்னா அது அடையாளம் வைக்கிறது. கறை பூனையோட மூக்கு உயரத்துல ஆரம்பிச்சு கீழ வழிஞ்சிருக்கும். உக்காந்து தரையிலயோ மெத்தையிலயோ குளம் கட்டுதுன்னா அது வேற பிரச்சனை, லிட்டர் பாக்ஸ் பிடிக்கல இல்லன்னா உடம்புக்கு முடியல.

ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒரு யூரின் டெஸ்ட் பண்ணிடுங்க, ஏன்னா மூத்திரப்பை வீக்கம், கல்லு இருந்தாலும் கண்ட இடத்துல போகும். அடிக்கடி பாக்ஸுக்கு போய் முக்குது, கத்துது, ஆனா சொட்டு கூட வரலன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் அடைச்சா ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்து, ராத்திரியானாலும் தூக்கிட்டு ஓடணும். வலிக்குதேனு வீட்ல இருக்குற பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துறாதீங்க, பூனைக்கு அது விஷம்.

நீங்க எழுதினதுலயே எனக்கு கண்ணுல பட்டது பால்கனி கதவுதான். கதவு, ஜன்னல் பக்கமா அடிக்குதுன்னா பெரும்பாலும் வெளிய வேற ஒரு பூனை வந்து போகுதுனு அர்த்தம், நீங்க பாத்திருக்க மாட்டீங்க, இவன் பாத்திருப்பான், "இது என் இடம்"னு எழுதி ஒட்டுறான் அவ்ளோதான், உங்க மேல கோவமும் இல்ல பழிவாங்கலும் இல்ல. கண்ணாடியோட கீழ் பாதியை ஸ்டிக்கரோ பேப்பரோ ஒட்டி மறைங்க, வெளிய அந்த பூனைக்கு சாப்பாடு வைக்கிற பழக்கம் இருந்தா கதவை விட்டு தள்ளி வைங்க. சோபா புதுசா? வீட்டுக்கு யாராவது புதுசா வந்திருக்காங்களா, வேற பூனையும் இருக்கா? இதையும் யோசிங்க. பல பூனை இருந்தா எத்தனை பூனையோ அதுக்கு மேல ஒண்ணு கூடுதலா லிட்டர் பாக்ஸ், அதுவும் ஒரே மூலைல வரிசையா இல்லாம தனித்தனி இடத்துல.

அடுத்து கிளீனிங், பாதி பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. அம்மோனியா கலந்த கிளீனர் போட்டா அந்த வாடையே மூத்திர வாடை மாதிரி இருக்கும், திரும்பவும் அங்கயே அடிக்க கூப்பிட்ட மாதிரி ஆயிடும். பெட் ஷாப்ல கிடைக்கிற என்சைம் கிளீனர் வாங்கி, நல்லா நனைச்சு, பாட்டில்ல போட்டிருக்குற நேரம் வரைக்கும் விட்டு துடைங்க. பழைய கறை தெரியலன்னா லைட்டை அணைச்சிட்டு யூவி டார்ச் அடிச்சு பாருங்க, நீங்க நினைக்காத இடமெல்லாம் தெரியும்.

திட்டறதை இன்னையோட நிறுத்துங்க, பயம் கூடினா அடிக்கிறதும் கூடும். ஃபெலிவே மாதிரி பிளக்ல மாட்டுற ஃபெரோமோன் டிஃப்யூசர் (பூனையை அமைதிப்படுத்துற வாசனையை ரூம்ல பரப்புற கருவி), அவன் அடிக்கிற ரூம்லயே ஒரு மாசமாவது விடாம ஓடட்டும், சோபாவுக்கு பின்னாடி ஒளிச்சு மாட்டினா பிரயோஜனம் இல்ல. இவ்ளோ பண்ணியும் குறையலன்னா ஃபுளூஆக்சிடின் மாதிரி பதட்டத்தை குறைக்கிற மாத்திரை இருக்கு, இப்படி பீச்சி அடிக்கிறதுக்கு நல்லாவே கேக்கும், ஆனா டோஸ் எடை பாத்து டாக்டர்தான் எழுதணும், வேலை செய்ய சில வாரம் ஆகும், திடீர்னு நிறுத்தவும் கூடாது. டாக்டர்கிட்ட போறப்ப அந்த வீடியோவையும், எந்த எந்த இடத்துல எப்போ எப்போ அடிச்சதுனு ஒரு சீட்டுல குறிச்சும் எடுத்துட்டு போங்க.