பொங்கல் முடித்துப் புறப்படுங்கள்: குளிர்கால ஐரோப்பாவைக் குறைந்த செலவில் ரயிலில் பார்க்க

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் காரைக்குடி பக்கம் பள்ளத்தூர், வேலை பெங்களூரில். உடன் வரும் நண்பனுக்கு வயது 29. டிசம்பர் 20-இல் தொடங்கி 18 நாள், முதுகுப்பையோடு ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்ற ஆசை. லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், சூரிக், மிலான், வெனிஸ், ரோம் என்று 11 ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் முடியாது. பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா? நாங்கள் பனியைப் பார்த்ததே இல்லை. குளிரில் என்ன ஆகுமோ என்று ஆத்தா கவலைப்படுகிறார்கள்.

பதில்: பாஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் பணத்துக்கு முன்னால் தீரப்போவது பகல் வெளிச்சம். டிசம்பர் 21-இல் வியன்னாவில் சூரியன் உதிக்கக் காலை 7.40 ஆகும், மாலை 4 மணிக்கு அடைந்துவிடும். பெர்லினில் எட்டு மணி நேரப் பகல்கூட இல்லை. காரைக்குடியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம் என்பதால் இது நமக்கு முன்கூட்டி உறைப்பதில்லை. காலையில் விடுதியைக் காலி செய்து, நிலையத்துக்கு நடந்து, நான்கைந்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, அடுத்த விடுதியில் பையை வைத்துவிட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். 18 நாளில் 11 ஊர் என்றால் பாதிப் பயணம் இப்படியே போகும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நம் செட்டிநாட்டுப் பெரியவர்கள் கைமுதலைக் கரையவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள். உங்களுக்குக் கைமுதல் அந்த எட்டு மணி நேரப் பகல். அதை ஊர் பார்ப்பதற்கும், பார்க்கத் தகுந்த மலைப்பாதைகளுக்கும் மட்டும் செலவிடுங்கள். வெறுமனே ஊர் மாறும் பயணங்களை மாலை நாலு மணிக்குப் பிறகும் இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியையும் மாற்றச் சொல்வேன். டிசம்பர் 24 மாலையிலிருந்து 26 வரை ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். புத்தாண்டு இரவுக்கு விடுதிக் கட்டணம் ஏறும். ஜனவரி 6 ஆஸ்திரியாவில் பொது விடுமுறை. பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு, ஜனவரி 17-இல் அங்கே இறங்கி பிப்ரவரி 3-இல் கிளம்புங்கள். கூட்டம் வடிந்திருக்கும், நகர விடுதிகள் விலை இறங்கியிருக்கும், வியன்னாவின் பகலும் ஒன்பது மணி நேரத்தைத் தொட்டிருக்கும். கிறிஸ்துமஸ் சந்தைகளைத் தவறவிடுவீர்கள். அது இழப்புதான், ஆனால் இந்தப் பட்ஜெட்டில் தாங்கக்கூடிய இழப்பு.

லண்டனை எடுத்துவிடுங்கள். ஒரே விசாவில் பல நாடுகளைச் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதிக்கு வெளியே அது இருக்கிறது. தனி விசா, தனிக் கட்டணம். பாஸ் வைத்திருந்தாலும் லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ரோம் நான்கையும் அடுத்த முறைக்கு வையுங்கள். மத்திய ஐரோப்பாவில் ஒரு வட்டம் போதும்: வியன்னா 3 இரவு, புடாபெஸ்ட் 3, பிராக் 3, அங்கிருந்து இரவு ரயிலில் சூரிக், கையோடு குர் என்ற மலையடிவார ஊருக்குப் போய் 2 இரவு, வெனிஸ் 3, மறுபடி இரவு ரயிலில் வியன்னா, கடைசியாக அங்கே 1 இரவு. மொத்தம் 17 இரவு. அதில் 15 விடுதியில், 2 ரயிலில். வெனிஸில் கார்னிவல் என்ற திருவிழாவின் தேதி ஆண்டுதோறும் மாறும். அதில் மாட்டினால் விலை எகிறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தீவுக்குள் தங்காமல் பாலத்துக்கு இப்புறம் மெஸ்த்ரேயில் தங்கினால் செலவு குறையும்.

இந்த வட்டத்தில் ஒரு நாளை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்: குர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை போகும் அல்புலா, பெர்னினா பாதை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீலகிரி ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பல்சக்கரம் கிடையாது; சாதாரணத் தண்டவாளத்திலேயே ரயில் வளைந்து வளைந்து 2,253 மீட்டர் உயரத்தில் உள்ள ஒஸ்பிஸியோ பெர்னினா நிலையத்துக்கு ஏறி, பிறகு 429 மீட்டருக்கு இறங்குகிறது. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்தபடியே போய் நேராகப் பாறைச் சுவரில் உள்ள குகைக்குள் நுழைகிறது. எதிர்ப்பக்கத்துப் பெட்டிகள் சன்னல் வழியே வில்லாகத் தெரியும், அடுத்த நொடி இருட்டு. நான் முதன்முறை போனபோது எதிரே உட்கார்ந்திருந்த உள்ளூர் மூதாட்டி பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலைக் கீழே வைத்துவிட்டு அந்த வளைவைப் பார்த்தார். வாரம்தோறும் போகிறவராக இருக்கும், அவரே பார்க்கிறார்.

இந்தப் பாதையில் பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. அதற்குக் கட்டாய முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயிலும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு தேவையில்லை, வழியில் மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உள்ளூர் ரயிலில் போங்கள். காலை எட்டரை மணி வாக்கில் புறப்பட்டால் மலை முழுவதும் வெளிச்சத்தில் கிடைக்கும். திரானோவிலிருந்து மிலான், அங்கிருந்து வெனிஸ் போகும் பயணம் இருட்டில் விழுந்தாலும் நஷ்டமில்லை.

இனி பாஸ். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், நம்மைப் போன்றவர்களுக்கு யூரெயில்; 33 நாடுகளில் செல்லும். இளைஞர் கட்டணம் 27 வயது வரை. உங்களுக்குக் கிடைக்கும், நண்பருக்குக் கிடைக்காது. கணக்கு இப்படிப் போடுங்கள்: 7 பயண நாள் பாஸ் 290 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 41 யூரோ. வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் அதைவிட நன்றாகக் குறைவு. புடாபெஸ்ட்–பிராக்கும் அப்படியே. இரவு ரயிலில் பாஸ் இருந்தாலும் படுக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இத்தாலியின் அதிவேக ரயிலுக்கும் முன்பதிவுக் கட்டணம் உண்டு. இந்த வட்டத்துக்குத் தனி டிக்கெட்டே என் தீர்ப்பு. ஸ்விட்சர்லாந்து பகுதிக்கு மட்டும் சேவர் டே பாஸ் என்ற ஒருநாள் பாஸை முன்கூட்டி வாங்குங்கள். நாள் நெருங்க நெருங்க அதன் விலை ஏறும். நினைத்த நேரத்தில் ஏறி நினைத்த ஊரில் இறங்கும் சுதந்திரம்தான் முக்கியம், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து இரண்டிலுமே அலையப் போகிறோம் என்றால் பாஸ் லாபம்.

ஒரு எச்சரிக்கை. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் உங்களைச் சேர்க்கும் பொறுப்பு ரயில் நிறுவனத்துக்கு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். பனிக்காலத்தில் ரயில் மாறும் இடங்களில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அன்றைய கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். நம் நிலையத்தில் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்து விடியலில் பல்லவன் பிடிப்பது போல அங்கே முடியாது. பல நிலையங்களை நள்ளிரவுக்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். நான் ஒருமுறை மைனஸ் 6 டிகிரியில் பூட்டிய கதவுக்கு வெளியே இரண்டரை மணி நேரம் நடந்துகொண்டே இருந்தேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

இரவு ரயிலில் வெறும் இருக்கை, குஷெட் என்கிற அடுக்குப் படுக்கை, தனியறைப் படுக்கை என மூன்று வகை உண்டு. நமக்கு ஏற்றது குஷெட். நம் ஸ்லீப்பர் பெட்டிக்குப் பழகியவர்களுக்கு அது வசதியாகவே இருக்கும். இருக்கையில் இரவைக் கழித்தால் மறுநாள் பகல் தூக்கத்தில் போய்விடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இந்த ரயில்களைச் சால்ஸ்பர்க் போன்ற நிலையங்களில் நள்ளிரவில் பிரித்து, பெட்டிகளை வேறு வேறு ஊருக்கு அனுப்புவார்கள். ஏறும்போது பெட்டி எண்ணையும் கதவருகே எழுதியிருக்கும் ஊர்ப்பெயரையும் பாருங்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று வேறு பெட்டியில் போய்ப் படுத்தால் வேறு நாட்டில் விழிப்பீர்கள்.

குளிர் பற்றி ஆத்தாவிடம் இப்படிச் சொல்லுங்கள். முற்றம் வைத்த நம் வளவு வீடு, வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விடுவதற்காகக் கட்டியது. அங்கே வீடு, ரயில், கடை எல்லாமே சூட்டை உள்ளே பூட்டி வைப்பதற்காகக் கட்டியவை. தெருவில் மைனஸ் 5 டிகிரி, ரயிலுக்குள் 22 டிகிரி. ஒரு நாளில் பத்து முறை இந்த இரண்டுக்கும் இடையே போய் வருவீர்கள். அதனால் ஒரே ஒரு தடித்த கோட்டு உதவாது. கழற்றி மாட்ட வசதியாக மூன்று அடுக்கு வேண்டும். உடலை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை நூலில் செய்த தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற மேலாடை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்.

உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். என் முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு அது. பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் வேகமாக ஏறியதில் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துவிட்டது. நடைமேடையில் இருபது நிமிடம் நின்றதும், நனைந்த பனியன் முதுகெலும்பில் ஈரத்துணியாக ஒட்டி, பல் கிட்டித்துவிட்டது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொள்ளும், காயாது. மேடு ஏறும் முன்பே ஜாக்கெட்டைத் திறந்துவிடுங்கள். காலணி, தடித்த கம்பளிக் காலுறை போட்டபிறகும் விரல் அசையும் அளவுக்கு ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். அடிப்பாகம் பனியில் வழுக்காததா என்று பாருங்கள். இவை காரைக்குடிக் கடைத்தெருவில் கிடைப்பது அரிது. பெங்களூரிலேயே மலையேற்றப் பொருள் கடையில் வாங்கிவிடுங்கள். குளிரில் கைபேசியின் பேட்டரி சட்டென்று இறங்கும். டிக்கெட் அதில்தான் இருக்கிறது, எனவே உள்சட்டைப் பையில் உடற்சூட்டில் வையுங்கள். பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாக உறைந்துவிடும். உதட்டுக்கும் கைக்கும் சின்ன டப்பாவில் வாசலின் போதும்.

விசாவை அதிக இரவு தங்கும் நாட்டில் கேட்க வேண்டும். இந்த வட்டத்தில் வியன்னாவில் 4 இரவு, ஆகவே ஆஸ்திரியா. கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், அதுவரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் அப்பச்சி மொத்தமாகப் பணம் போட்டால் அது கேள்வியைத்தான் எழுப்பும். சம்பளம் வந்து சேர்ந்த தடம் தெரிய வேண்டும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய விடுதிகளையே பதியுங்கள். டிக்கெட் விஷயத்தில், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் ஐரோப்பா முழுவதும் ரயில் கால அட்டவணை மாறுகிறது. அதற்குப் பிந்தைய தேதிகளுக்கான விற்பனை சில வேளை தாமதமாகத் திறக்கும், பதறாதீர்கள்.

ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்து ஆளுக்கு நான் போடும் கணக்கு: விமானத்துக்கு 60,000, விசா, காப்பீடு, அதற்கான அலைச்சலுக்கு 15,000, ரயிலுக்கு 33,000, இரவுக்கு 30 யூரோ வீதம் 15 விடுதி இரவுகளுக்கு 45,000, சாப்பாட்டுக்கு நாளுக்கு 15 யூரோ வீதம் 27,000, நகரப் பேருந்துக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் 18,000, உடைக்கு 12,000, அவசரத்துக்குத் தொடாமல் 20,000. கூட்டினால் 2,30,000. மீதி இருபதாயிரத்தை விலை ஏற்றத்துக்கு விட்டுவையுங்கள்.

15 யூரோவில் சாப்பிட வேண்டுமானால் சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், வியன்னாவுக்கு அது ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிறது. ஆத்தாவிடம் பருப்புப் பொடியும், எண்ணெயில் சுட்ட தேன்குழலும் சீப்புச் சீடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சி, பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் நெய்யும் பால்கோவாவும் கறிவேப்பிலைக் கட்டும் பையில் வேண்டாம். நெய் ஊற்றிப் பிடித்த மாவுருண்டையைப் பிப்ரவரி முதல் வாரம் நீங்கள் வீடு திரும்பும்போது பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.