சீனியரிடம் எப்படி வேலை வாங்குவது?

கேள்வி: மெட்ரிக் பள்ளியில் கணித ஆசிரியை. ஜூனில் என்னைத் துறை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். ஐந்து பேரில் இருவர் எனக்கு சீனியர். மீட்டிங் முழுக்கப் புலம்பல்தான். தேர்வுக் கேள்வித்தாளைத் தயாரித்துத் தரச் சொன்னால் வருவதில்லை. கடைசியில் நானே எடுத்துவிடுகிறேன். என்ன செய்யலாம்?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் கேள்வித்தாளை நீங்கள் எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு முறை எடுத்துக்கொடுத்தால் அடுத்த முறையும் உங்கள் மேஜைக்கே வரும். தேர்வு அட்டவணை வந்த அன்றே எந்த வகுப்புத் தாள் யாருக்கு, என்றைக்குள், சரிபார்ப்பது யார் என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் நேரில் ஒப்புக்கொள்ள வையுங்கள். அச்சுக்குப் போகும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாகக் கெடு வைத்தால், நினைவூட்டவும் உதவவும் நேரம் இருக்கும்.

பேச உருப்படியான விஷயம் இல்லாத மீட்டிங்கில் புலம்பல்தான் நடக்கும். சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் போகட்டும்; மீட்டிங்குக்கு விடைத்தாள் கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்பில் ஒரே 5 மதிப்பெண் கணக்குக்கு மூன்று மாணவர்கள் எழுதிய விடைகளைப் பெயரை மறைத்து நகலெடுங்கள். எட்டு நிமிடம், யாரும் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். பிறகு ஒப்பிட்டால் ஒரே விடைக்கு ஒருவர் 2, இன்னொருவர் 4 போட்டிருப்பார்கள். சூத்திரத்துக்கு எத்தனை, பிரதியிட்டதற்கு எத்தனை, அலகு விட்டால் குறைப்பதா? சண்டை வரும், வரட்டும். 8 மதிப்பெண் வரைபடத்தில், அளவுத்திட்டம் எழுதாதவனுக்கு என்ன செய்வது என்பதில் இன்னும் சூடாகும். பொதுத்தேர்வுத் தாள் திருத்தப் போய்வந்த சீனியர்கள் அப்போது தாமாகவே பேசுவார்கள். பேச விடுங்கள்; முடிவை மட்டும் நீங்கள் எழுதி அன்றே அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும்.

சீனியரிடம் பலரும் சறுக்குவது அளவுமீறிய பணிவில். “தப்பா நினைக்காதீங்க மேடம், முடிஞ்சா…” என்று தொடங்கினால், செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் காதில் விழும். ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டாலோ மானப் பிரச்சினையாகிவிடும். தனியாக உட்கார்ந்து, “மேடம், ஒன்பதாம் வகுப்பு நோட்டு ரெண்டு வாரமா திருத்தாம இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும். எது இடிக்குது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி தாங்காமல் வாய் திறந்தால், அவர் சொல்ல வேண்டிய சமாதானத்தையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பல நேரம் பதிலில் நிஜமான இடைஞ்சல் இருக்கும். லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டிடியூஷனில் ஃப்ரீ பீரியடெல்லாம் போயிருக்கும். அதை பிரின்சிபாலிடம் கொண்டுபோவது உங்கள் வேலை. “டீச்சர்ஸ் ரொம்பக் கஷ்டப்படறாங்க” என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார். கணக்கு டீச்சர் கணக்காகவே பேசலாம்: “பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தாள் 200. தாளுக்கு 10 நிமிஷம்னா, திருத்தற ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல ஆகும். மூணு நாள்ல வேணும்னா அவங்களுக்கு சப்ஸ்டிடியூஷன் போடாதீங்க. இல்லைன்னா ஆறு நாள் கொடுங்க.” இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலையை இந்தப் பருவத்தில் தொடங்க வேண்டாம். முதலில் அவர்களை உங்கள் வகுப்புக்கு 15 நிமிடம் வரச் சொல்லுங்கள், சீனியர்கள் இருவரிலிருந்து தொடங்கி.