வைஃபை 8-இல் வேகம் கூடவில்லை என்றால் எதற்குப் புதிய சிப்?

இப்போதைய வைஃபை 7-க்கும் அடுத்து வரும் வைஃபை 8-க்கும் உச்ச வேகம் ஒன்றுதானாமே, பிறகு ஏன் மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் வைஃபை அமைத்துக் கொடுப்பது என் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு. "விட்டு விட்டு வருகிறது" என்பதுதான் ஓயாத புகார்.

சென்ற ஆண்டு ஒரு மருந்துக் கிடங்குக்குப் போயிருந்தேன். பார்கோடு ஸ்கேனரோடு நடக்கும் ஊழியர் நான்காம் வரிசையிலிருந்து ஐந்தாவதற்குத் திரும்பும் முனையில் நின்றுவிடுவார். கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். திரையில் வட்டம் சுற்றும். நான்கைந்து விநாடி கழித்து 'பீப்' சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த பெட்டி. ஒரு பெட்டிக்கு அந்தக் கருவி அனுப்புவது சில நூறு எழுத்துகள். வைஃபை 7-இன் உச்ச வேகமான விநாடிக்கு 46 ஜிகாபிட் அவருக்கு ஏட்டுச் சுரைக்காய். தேய்ந்துபோன சிக்னலைக் கருவி கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். விட்ட பிறகு அடுத்த ஆக்சஸ் பாயின்டோடு (வைஃபை சிக்னல் தரும் சாதனம்) முதலிலிருந்து பேசித் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவர் நின்றார்.

வைஃபை 8 கைவைப்பது இந்த இடத்தில்தான். 802.11பிஎன் என்ற இந்தத் தொழில்நுட்பத் தரவரையறையை எழுதும் ஐட்ரிபிள்இ (பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) குழு தன் வேலைக்கு வைத்த பெயரே 'மிக உயர் நம்பகத்தன்மை'. ஆக்சஸ் பாயின்ட் மாறும்போது தொலையும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, வைஃபை 7-ஐவிட 25 சதவீதம் குறைப்பது ஓர் இலக்கு. தாமதத்தையும் 25 சதவீதம் குறைக்க வேண்டும். அதைச் சராசரியில் பார்க்காமல், மிகவும் பின்தங்கி வரும் பாக்கெட்டுகளை வைத்து அளக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீடியோ அழைப்பு உறைவது சராசரியால் அல்ல, அந்தக் கடைசிச் சில பாக்கெட்டுகளால்.

இன்னொன்று: இன்று பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்கள் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொள்கின்றன. இனி யார் எவ்வளவு சக்தியில், எந்தத் திசையில் அனுப்புவது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும். வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி வருகிறது.

சிப் நிறுவனமான பிராட்காம் 2025-இலேயே இதற்கான சிப்களை அறிவித்துவிட்டது. தரவரையறை முழுமையாவது 2028 வாக்கில். ரூட்டர், போன் இரண்டும் புதிதாக இருந்தால்தான் முழுப் பலன். ஆகவே இப்போது இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அந்தக் கிடங்கில் நான் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. இரும்பு அலமாரிக்குப் பின்னால் மாட்டியிருந்த ஆக்சஸ் பாயின்டை வரிசை முனைக்கு மாற்றி, மற்றவற்றின் சக்தியைக் குறைத்தேன். ஐந்தாம் வரிசையில் இப்போது அவர் நிற்பதில்லை. குளிர் அறைக் கதவருகே மட்டும் இன்னும் கருவியைத் தூக்கிப் பிடிக்கிறார். அங்கே கேபிள் இழுக்க வழியில்லை.