டிராப் செய்த (உயரம் இறக்கிய) கோல்ஃப் காருக்கு 18 அங்குலச் சக்கரமா, 19 அங்குலமா?

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 6 ஜிடிஐ கார் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் மாற்றி 40 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன். காரோடு வந்தது 17 அங்குல மேக்ஸ் (அலாய் சக்கரம்). டர்பனில் ஒரு கடையில் 19 அங்குலம், 8.5 அகலம், ஆஃப்செட் 35 மேக்ஸும் 215/35 டயரும் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம்) செட்டாகத் தருகிறார்கள். "அப்படியே உட்காரும்" என்று கடைக்காரர் சொல்கிறார். உரசும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். யாரை நம்புவது? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்)

நண்பர்களை நம்புங்கள், தம்பி. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஜாக்கியில் தூக்கி நிற்கும் காரில் அது அழகாகவே உட்காரும். உரசல் தொடங்குவது வீட்டுக்குப் போகும் வழியில், முதல் ஸ்பீடு ஹம்ப்பில் (வேகத்தடையில்).

சக்கரம் காரோடு ஒட்டும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும், அவ்வளவு தெரிந்தால் போதும். உங்கள் பழைய மேக்ஸ் 7.5 அகலம், ஆஃப்செட் 51. புதியது ஒரு அங்குலம் கூடுதல் அகலம். அதில் பாதி, 12.7 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் போகும். ஆஃப்செட் 51-லிருந்து 35-க்கு இறங்குவதால் இன்னொரு 16. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். இறக்காத காரிலேயே இது அதிகம். உங்கள் காரில் ஆர்ச்சுக்கும் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவுக்கும்) டயருக்கும் நடுவே இருந்த இடத்தில் 40 மில்லிமீட்டரை ஸ்பிரிங் ஏற்கெனவே தின்றுவிட்டது.

ஒரு காவடி சமயத்தில் இதே மாதிரி ஒரு கோல்ஃப் என் பட்டறைக்கு வந்தது. பையன் ஆறு வாரம் தனியாக ஓட்டியிருக்கிறான், ஒரு சத்தமும் இல்லை. அன்று அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், டிக்கியில் பால்குடமும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு மவுண்ட் எட்ஜ்கூம் கோவிலுக்குக் கிளம்பியிருக்கிறான். பின் டயரின் தோளில், கத்தியால் கீறியதுபோல் சுற்றிலும் ஒரே கோடு. உள்ளே நூல் தெரிந்தது. கடையில் கேட்டதற்கு "ஆர்ச்சை உருட்டி விடலாம்" என்றார்களாம், அதாவது அதன் உள்விளிம்பை மடக்கிவிடுவது. உருட்டினால் உள்விளிம்பில் பெயின்ட் வெடிக்கும். நம் கடற்காற்றில் அப்புறம் அங்கே துருதான்.

சரி, எதை வாங்கலாம்? 18 அங்குலம், 8 அகலம், ஆஃப்செட் 45, டயர் 225/40. வெளியே போவது 12 மில்லிமீட்டர்தான், உள்பக்கம் பழைய இடத்திலேயே நிற்கும். உங்கள் 225/45 17 டயரின் மொத்த உயரம் 634 மில்லிமீட்டர், இது 637. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

"ஃபோக்ஸ்வாகனே கோல்ஃப் 6 ஆர் காரை 19 அங்குலத்தில் விற்றதே?" என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாப் பையன்களும் கேட்கிறார்கள். விற்றது உண்மைதான். ஆனால் அந்த மேக்ஸின் ஆஃப்செட் 50, அகலம் 8, டயர் 235/35. ஆகவே அது உள்ளே ஒடுங்கி நிற்கும். அதோடு டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த 235-இல் 91 இருக்கும். ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். உங்கள் 17 அங்குல டயரிலும் அதே 91. கடைக்காரர் காட்டும் 215/35 19-இல் வழக்கமாக 85தான் இருக்கும், அதாவது 515 கிலோ. ஒரு டயருக்கு நூறு கிலோ குறைவு. எனவே ஆர் காரின் 19 வேறு, இந்த 19 வேறு. அந்த அசல் செட்டே நல்ல நிலையில் கிடைத்தால்கூட, இறக்கிய காரில் முன் ஆர்ச் லைனரை (ஆர்ச்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை) பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் டயர் தொடுகிறதா என்று பார்த்த பிறகே காசை எடுங்கள்.

இப்போது கடைக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் ஆளைப் பற்றி. "கன்டெய்னர் நேற்றுத்தான் வந்தது, உங்களுக்காக ஒரு செட் ஒதுக்கி வைத்திருக்கிறேன்" என்பார். அவருக்குக் கமிஷன், உரசினால் அவர் போனை எடுக்க மாட்டார். பள்ளத்தில் விழுந்து வளைந்த மேக்ஸைத் தட்டி நிமிர்த்தி, வெல்ட் வைத்து, பெயின்ட் அடித்துப் புதிது என்று தள்ளுவதும் இவர்கள்தான். மேக்ஸைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள், விரலால் விளிம்பு முழுக்கத் தடவுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டினால் விட்டுவிடுங்கள். எடை தாங்கும் அளவோ ஜேடபிள்யூஎல் (ஜப்பானியத் தரச் சான்று) முத்திரையோ வார்ப்பிலேயே இல்லாத மேக்ஸையும் தொடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரமும் வருடமும்: 1219 என்றால் 2019-இன் 12-ஆவது வாரம். கறுப்பு பாலிஷ் போட்டால் பழைய டயரும் பளபளக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் தடுக்க வேண்டிய முறை என்ன செய்கிறது? வருடா வருடம் காரின் லைசென்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு) புதுப்பிக்கிறோம். காசு கட்டினால் போதும், டயரை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. காரை விற்கும்போதுதான் ரோட்வர்த்தி, அதாவது சாலைக்குத் தகுதியா என்ற சோதனை. டயரின் முழு அகலத்திலும் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளக்கோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். இறக்கிய காரில் உள்விளிம்பு முதலில் மொட்டையாகும், வெளியே நின்று பார்த்தால் புதிது போல் இருக்கும். மெட்ரோ போலீஸ்காரர் டார்ச் அடித்து உள்ளே பார்க்கும் அன்று உங்களுக்குக் கஷ்டகாலம். ஆகவே புது மேக்ஸ் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்து, கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) எண்களைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் மேக்ஸ், ஸ்பிரிங் இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, நான் அதிகம் பார்க்கும் தவறுகள் ஹப்பிலும் போல்ட்டிலும். உங்கள் ஹப் (சக்கரம் உட்காரும் நடுக்குமிழ்) 57.1 மில்லிமீட்டர், கடை மேக்ஸின் நடு ஓட்டை பெரும்பாலும் அதைவிடப் பெரிது, இடைவெளியை அடைக்க வளையம் வேண்டும். இல்லாவிட்டால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். பேலன்சிங்குக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய போல்ட்டின் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். கடை மேக்ஸுக்குப் பெரும்பாலும் கூம்பு போல்ட்தான். உருண்டையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை அதே 120. பழைய போல்ட் ஐந்தை ஒரு துணியில் சுற்றி டிக்கியிலேயே போட்டு வையுங்கள், ஸ்பேர் சக்கரத்துக்கு அதுதான் சேரும்.