350 ரூபாய்க்கு 256 ஜிபி மெமரி கார்டு: தோட்டத்துக் கேமராவுக்கு வாங்கலாமா?

கேட்டிருப்பது இது: தோட்டத்தில் சிம் போட்டு ஓடும் சோலார் கேமரா இருக்கிறது, ஆன்லைனில் 256 ஜிபி மெமரி கார்டு 350 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா? கேமராவுக்குச் சரிவரவில்லை என்றால் அதையே அப்பாவின் பட்டன் போனில் பாட்டுக் கேட்கப் போட்டுக்கொள்ளலாமா?

வாங்காதீங்க. பட்டன் போனிலும் போட முடியாது. இதோடு நிறுத்தினால் அடுத்த வாரம் 400 ரூபாய்க்கு 512 ஜிபி என்று ஒன்று கண்ணில் படும், மறுபடி கை அரிக்கும், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். எங்களுக்குக் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் தோட்டம், பக்கத்தில் கொஞ்சம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், அதில் செம்மறியாட்டுப் பட்டி, பட்டியைப் பார்த்த மாதிரி ஒரு கேமரா. மெமரி கார்டு பற்றி நான் கற்றதில் பாதி அந்தப் பட்டியில் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்த விலை. போலி கார்டு என்றால் மட்டமான கார்டின் மேல் பெரிய கம்பெனி பெயரை அச்சடித்து விற்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப் வேறு, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் வேறு. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கும், ஆனால் கன்ட்ரோலரிடம் "கேட்டால் 256 என்று சொல்லு" என்று எழுதி வைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர், போன், கேமரா எல்லாம் கன்ட்ரோலர் சொல்வதைத்தான் நம்பும், நேரில் எண்ணிப் பார்க்காது. முதல் 8 ஜிபி ஒழுங்காகப் போகும். அதற்கு மேல் எழுதுவது சில கார்டில் காற்றில் போகும், சில கார்டில் பழையதன் மேலேயே விழுந்து அதையும் கெடுக்கும். எந்தக் கார்டும் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

2019-ல் சித்தப்பா மகள் கல்யாணம். போட்டோ வீடியோ எல்லாம் சேர்த்து 40 ஜிபிக்குப் பக்கம். துபாயில் இருக்கும் மாமனுக்குக் கொடுத்துவிட கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நடைபாதையில் 128 ஜிபி என்று போட்டிருந்த கார்டு ஒன்று வாங்கினேன். காப்பி ஒரு முனகல் இல்லாமல் முடிந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மாமன் போன் செய்தார்: "ஏன் மாப்ள, மாப்பிள்ளைக்கு உருமாலை இருக்குது, மூஞ்சியக் காணோமே?" ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பந்தக்கால் நட்டது, மாவிளக்கு எடுத்தது எல்லாம் நன்றாக இருந்தன. உருமாலை கட்டும் படத்தில் தலைப்பாகை வரை தெரிந்தது, நெற்றிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பின்னால் ஒரு படமும் திறக்கவில்லை, இணைச்சீர்ச் சடங்கு மொத்தமும் போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஃபைல் பெயர்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன, அளவுகூடச் சரியாகக் காட்டியது. ஏனென்றால் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் எழுதப்படுகிறது, அந்த இடம் நிஜமாகவே இருக்கும் இடம். பட்டியலைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். நல்லவேளை, ஸ்டூடியோக்காரர் தன் ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தார், இல்லையென்றால் சித்தி என்னை உயிரோடு விட்டிருக்காது.

அதனால் எங்கே வாங்கினாலும், எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ஒரு முறை சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, லினக்ஸ் ஆட்களுக்கு எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றுதான், கார்டை விளிம்பு வரை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பது. 128 ஜிபி கார்டில் வினாடிக்கு 10 எம்பி வேகம் என்றால் நிரப்பவே மூன்றரை மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். 64 ஜிபி கார்டை விண்டோஸ் 59 சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம், கம்பெனிக்காரன் ஆயிரத்தில் கணக்குப் போடுகிறான், கம்ப்யூட்டர் 1024-ல் போடுகிறது, அவ்வளவுதான். 256-ஐ 238 என்று காட்டும்.

சரி, ஒரிஜினல் கார்டாகவே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமராவில் அதுவும் சாகும். எங்கள் பட்டியில் நடந்தது இதுதான்.

போன வருசம் ஒரு நாள் காலையில் பட்டியில் ஏழு ஆடு கடிபட்டுக் கிடந்தது. நாய்தான், ஆனால் யாரோட நாய் என்பதில் சண்டை வந்துவிட்டது. கேமரா இருக்கிறதே, பார்த்துவிடலாம் என்று எல்லோர் முன்னாலும் ஆப்பைத் திறந்தேன். லைவ் பளிச்சென்று தெரிந்தது, கிலுவை வேலிகூட முள் முள்ளாகத் தெரிந்தது. ரெக்கார்டிங்கைப் பார்த்தால் கடைசித் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. லைவ் சிம் வழியாக வருகிறது, பதிவு கார்டில் நடக்கிறது, ஒன்று செத்தாலும் மற்றது ஓடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆப்பிலேயே பார்மட் கொடுத்தேன், முடிந்தது என்று சொன்னது. கார்டைக் கழற்றி மாட்டினால் பழைய பதிவுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. லேப்டாப்பில் போட்டு அழித்தேன், அழிந்த மாதிரிக் காட்டியது, பிடுங்கிச் சொருகினால் மறுபடி வந்துவிட்டது. தேய்ந்துபோன கார்டு பல நேரம் இப்படித்தான் முடியும்: படிக்க விடும், புதிதாக எழுத விடாது, அதை வெளியே சொல்லவும் சொல்லாது. அப்பா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏங்கண்ணு, அந்தப் பொட்டி ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்துக்கிட்டேதான இருந்துச்சு, ஒன்னும் எழுதி வெக்கலியா?"

ஏன் தேய்ந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்து 24 மணி நேரமும் எழுதும் கேமரா. வினாடிக்கு 2 மெகாபிட், அதாவது கால் எம்பி, என்று வைத்தால் நாளொன்றுக்கு 21 ஜிபி சொச்சம் வரும். போட்டிருந்தது 32 ஜிபி கார்டு, ஒன்றரை நாளில் நிரம்பி, முதலிலிருந்து அழித்து எழுதத் தொடங்கும். வருசத்துக்கு 240 முறைக்கு மேல் மொத்தக் கார்டும் அழிந்து எழுதப்படுகிறது. இப்போது வரும் சாதாரண கார்டுகளில் ஒரு செல்லுக்கு (சிப்பில் தகவல் தங்கும் நுண்ணிய அறைக்கு) மூன்று பிட் அடைக்கிறார்கள், அந்தச் செல் சில நூறு முதல் சில ஆயிரம் அழிப்புகள் வரைதான் தாங்கும். இதோடு சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காயும் கேமரா, எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று போகும் தோட்டத்து கரண்ட். ஒன்றரை வருசம் ஓடியதே பெரிது.

இதிலிருந்து இரண்டு விஷயம் சொல்லலாம். தேவைக்கு இரட்டிப்பு அளவில் வாங்கினால் அழித்து எழுதும் தடவை பாதியாகிறது, அதாவது 64 ஜிபி கார்டு 32-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வரும், அத்தனை நாள் பதிவு உங்களுக்கு வேண்டாம் என்றாலும் சரி. அப்புறம், இடைவிடாமல் எழுதுவதற்கென்றே என்டூரன்ஸ் என்று பெயர் போட்ட கார்டுகள் வருகின்றன, சான்டிஸ்க், சாம்சங் இரண்டிலும் உண்டு. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பல கம்பெனிகள் சாதாரண கார்டுக்குக் கொடுக்கும் வாரண்டியில் கேமராவில் ஓயாமல் பதிவு செய்வது சேராது, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். உங்களுடையது சோலார் கேமரா, அசைவு தெரிந்தால் மட்டும் எழுதும், அவ்வளவு தேயாது என்று சொல்வார்கள். தென்னைக்கு நடுவே வைத்திருந்தால் மட்டை ஆடுவதும் அசைவுதான், பட்டியில் வைத்திருந்தால் ஆடு ராத்திரி பூராவும் அசையும். நான் என்டூரன்ஸ்தான் வாங்குவேன். எதை வாங்கினாலும் மாதம் ஒரு தடவை லைவை விட்டுவிட்டு நேற்றைய பதிவைத் திறந்து பாருங்கள்.

கேமரா எத்தனை ஜிபி வரை எடுக்கும் என்பதையும் அதோடு வந்த தாளில் பார்த்துவிடுங்கள். 128 வரை என்று போட்டிருந்தால் 256 ஒருவேளை ஓடும், ஒருவேளை பாதியில் மக்கர் பண்ணும், எதற்கு வம்பு. கார்டை கேமராவுக்குள்ளேயே பார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். வேகத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும் என்று பொருள், தோட்டத்துக் கேமராவுக்கு அதுவே தாராளம். முன்னால் பெரிதாக 150 என்று போட்டிருப்பது படிக்கும் வேகம். ஏ1, ஏ2 என்பது போனில் ஆப் போடுகிறவர்களுக்கு.

இனி பட்டன் போன். மெமரி கார்டில் தலைமுறை இருக்கிறது, பார்க்க எல்லாம் ஒரே விரல்நக அளவு என்பதால் நமக்குத் தெரிவதில்லை. 2 ஜிபி வரை பழைய எஸ்டி, அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. புதுக் கருவி பழைய கார்டை எடுத்துக்கொள்ளும், பழைய கருவி புதுக் கார்டை எடுக்காது. பட்டன் போன்கள் பெரும்பாலும் 32-ல் நின்றுவிடும். எஸ்டிஎக்ஸ்சி கார்டு எக்ஸ்ஃபேட் என்ற முறையில் பார்மட் ஆகி வருகிறது, பட்டன் போனுக்குத் தெரிந்தது ஃபேட்32 என்ற பழைய முறைதான். 64 ஜிபி கார்டை வேறு நிரல் வைத்து ஃபேட்32 ஆக்கிப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சில போனில் ஓடும், ஆனால் வயசானவர் கையில் கொடுக்கும் பொருளில் அந்த வித்தையெல்லாம் வேண்டாம், ஒரு நாள் "கார்டைக் காணோம்" என்று காட்டும், அவர் மூன்று கிலோமீட்டர் நடந்து செல் கடைக்குப் போவார்.

டச் போனில் போடுவதாக இருந்தால் ஒன்று. கார்டை போன் மெமரியோடு சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த வசதி அது, சேர்த்துவிட்டால் அந்தக் கார்டு அந்தப் போனுக்கு மட்டும் என்று பூட்டப்படும். எங்கள் பெரியப்பா போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து போர்டு போய்விட்டது, கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வேறு எதிலும் திறக்கவில்லை, பேத்தி பிறந்த படமெல்லாம் அதில்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு 16 அல்லது 32 ஜிபி கார்டு, தெரிந்த கடையில் பில்லோடு வாங்கிக் கொடுங்கள். எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, 8 ஜிபி கார்டு போட்டு ஆறு வருசம் ஆகிறது. வள்ளி கும்மிப் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் ஒரே தடவை ஏற்றியதோடு சரி, அதன் பிறகு எழுதும் வேலையே கிடையாது, பொழுதோட கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பது மட்டும்தான். பட்டன் போன் இரண்டு மாறிவிட்டது, கார்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.