குமரி மாவட்டத் தொல்லியல் அறிக்கைகளை ஊர் நூலகத்தில் வாசகர் கண்டுபிடிக்க என்ன செய்யலாம்?

ஸ்கேன் செய்வது சுலபம். அட்டவணைதான் பெரிய வேலை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்) ஆட்சியில் இருந்தது. அதனால் பழைய கல்வெட்டுகள் பலவும் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை (Travancore Archaeological Series) என்ற நூல் தொகுதிகளில், ஆங்கில விளக்கத்தோடு கிடக்கின்றன. "கன்னியாகுமரி மாவட்டம்" என்று தேடினால் சிக்காது.

ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஊர், பழம்பெயர் (பார்த்திவபுரம் என்றால் பார்த்திவசேகரபுரம்), தாலுகா, பக்க எண் எழுதித் தமிழ் அட்டை போடுங்கள். கல்வெட்டில் வரும் கொல்லம் ஆண்டோடு (மலையாள ஆண்டுக் கணக்கு) 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை மட்டும் 824. இங்கேதான் பலரும் ஓராண்டு தவறுவார்கள்.

ஸ்கேன் செய்ய, எழுத்துப் பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) போதும், கல்வெட்டுப் படங்களுக்கு 600. கிரந்த எழுத்து கலந்த வரிகளை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) குதறிவிடும். அவற்றைக் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு. புதியதை இணையத்தில் ஏற்ற அனுமதி வாங்குங்கள்.